அடிப்படை தெரியாதவர்

கதவைத் திறந்த சுந்தரராமனின் தாடியைப் பார்த்ததுமே ஜெபசீலன் செருப்பைக் கழற்ற மறந்து நின்றான். அடப்பாவி, ஒரு நல்ல மனுஷனை இப்படி ஆக்கிவிட்டோமே!

"வாடா ஜெபா! ஜி.எஸ்.டி ரோடு ஜாம்லேர்ந்து தப்பிச்சு பொழிச்சலூர் வந்து சேந்துட்டியா?" என்று சிரித்தான் சுந்தரராமன். அந்தச் சிரிப்பு இன்னும் சுட்டது.

உட்கார்ந்தும் உட்காராமலும் ஜெபசீலன் போட்டு உடைத்தான். "உன் பேப்பரை ரிஜெக்ட் பண்ணது நான்தான்டா."

விஷயம் இதுதான். போன மாதம் ஓர் ஆய்விதழ், எழுதியவர் பெயரை மறைத்து, ஒரு கட்டுரையை இவனுடைய கருத்துக்கு அனுப்பியிருந்தது. மின்சார வண்டியின் இன்வெர்ட்டர் சூடாகாமலிருக்க அதனடியில் தண்ணீரை எப்படி ஓடவிடுவது என்ற ஆராய்ச்சி. மூன்று வருஷமாக இவன் முட்டி மோதிக்கொண்டிருந்த அதே கேள்விக்கு அதில் பத்தே பக்கத்தில் பதில் இருந்தது.

பெயரை மறைத்தால் ஆச்சா? படத்தில் தண்ணீர் ரோஸ் நிறத்தில் ஓடியது. ஓட்டம் கண்ணுக்குத் தெரிவதற்காக ரோஸ் மில்க் எசென்ஸ் ஊற்றுகிற மகானுபாவன் இந்த ஊரிலேயே சுந்தரராமன் ஒருவன்தான்.

பொறாமை கண்ணை மறைத்தது. 'அடிப்படை தெரியாதவர் எழுதியது' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டான். அதை அனுப்பியதிலிருந்து சோறு இறங்கவில்லை. தபீதாள்கூட கல்லூரியில் பாடம் நடத்திவிட்டு வந்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். கட்டின மனைவிக்கே தன் திருட்டு முழி பிடிக்கவில்லை போலும் என்று நொந்துகொண்டான்.

"நாளைக்கே எடிட்டருக்கு உண்மைய எழுதிடறேன்டா. என் பேரு கெட்டாலும் பரவால்ல. நீ இப்படித் தாடியோட நிக்கறத என்னால பாக்க முடியல."

"தாடியா? தீபலட்சுமிக்கு ஏழாம் மாசம்டா. குழந்தை பொறக்கற வரைக்கும் எங்காத்துல ஷேவ் பண்ணக் கூடாது." சுந்தரராமன் நெற்றியைச் சுருக்கினான். "நான் பேப்பர் அனுப்பியே ரெண்டு வருஷம் ஆச்சே!"

"அப்போ அந்த ரோஸ் தண்ணி?"

சுந்தரராமன் முகத்தில் சிரிப்பு செத்துப்போனது. "சனிக்கிழமையில என் லேபை இன்னொருத்தங்களுக்குக் குடுத்திருந்தேன். தன் குழந்தைய வளக்கறதுக்காகப் பாதியில விட்ட ஆராய்ச்சிய மறுபடி ஆரம்பிச்சாங்க. பேப்பர் வர்ற வரைக்கும் உங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. இப்ப 'அடிப்படை தெரியாதவர்'ங்கற ஒரு வரியப் படிச்சுட்டு, இனிமே வரலன்னு லேப் சாவியத் திருப்பிக் குடுத்துட்டாங்கடா."

"எங்கிட்ட எதுக்குடா மறைக்கணும்? யாருடா அது?"

"உன் தபீதாள்டா."