கடைசிக் குழந்தை

“இன்னிக்கும் அந்தம்மா லேட்டா?” மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்த மர்லீன் உறுமினாள். அமெரிக்காவின் டுலூத் நகரிலிருந்த அந்தச் சிறுவர் மையத்துக்கு அவள்தான் பொறுப்பாளர். “நீ கிளம்பு, இங்க்ரிட். சம்பளமில்லாத வேலைக்கு ஓவர்டைம் வேறயா?”

“இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”

கல்லூரி மாணவியான இங்க்ரிட், மாலை வேளைகளில் வந்து குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தாள். மற்ற குழந்தைகளை அழைத்துப்போக ஆள் வந்துவிடும். ஏழு வயது ஜூனி மட்டும் எப்போதும் மிச்சமிருப்பாள்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற கார்களெல்லாம் போய்விட, ஒன்று மட்டும் வெள்ளையாக மூடிக் கிடந்தது.

ஜூனி ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்டாள்.

“மத்தியானம் யாரோட சாப்பிட்டே?” என்று இங்க்ரிட்டைக் கேட்டாள்.

“என் போனோட.”

“நேத்து?”

“நேத்தும் அதே ஆள்தான்.”

ஜூனி சிரிக்கவில்லை. “உங்க அம்மா கூப்பிட்டாங்களா?”

“ஞாயித்துக்கிழமைதான் கூப்பிடுவாங்க. பேச்சை மாத்தாதே, உன் ஆட்டம். போடு.”

பாவம், அம்மா நினைப்பு வந்துவிடக் கூடாதென்றுதான் குழந்தை இப்படித் தொணதொணக்கிறது என்று இங்க்ரிட்டுக்குத் தோன்றியது. தேடி வர ஆளில்லாத வலி அவளுக்குத் தெரியும். அறைத்தோழி வேறிடம் போன பிறகு, இங்கிருந்து கிளம்பினால் மறுநாள் வரை அவள் வாய் திறக்க வேலையே இருக்காது. டப்பா சூப்பைச் சுடவைத்துக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள்.

கதவு திறந்தது. ஜூனியின் அம்மா டோனா, ஆஸ்பத்திரிச் சமையலறைச் சீருடையின் மேல் கோட்டை இழுத்து மூடியபடி வந்து நின்றாள்.

இங்க்ரிட்டால் அடக்க முடியவில்லை. “தப்பா நினைக்காதீங்க. எப்பவும் இவ ஒருத்திதான் கடைசி வரைக்கும் காத்துக்கிட்டிருக்கா. வாய் விட்டுச் சொல்ல மாட்டா. ஆனா தனியா உக்காந்திருக்கிற மனசு என்ன பாடு படும்னு யோசிச்சீங்களா?”

“அப்படிக் கேளு!” என்றாள் மர்லீன்.

டோனாவின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தவள், ஜூனி கோட்டைப் பிடித்து இழுக்கவும் நிறுத்திக்கொண்டாள். “மன்னிச்சுக்கோம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழந்தையை அழைத்துக்கொண்டு போனாள்.

அந்த முகம் இங்க்ரிட்டை உறுத்தியது. நாளெல்லாம் நின்று உழைத்துவிட்டு வந்தவளிடம் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டோம். மன்னிப்புக் கேட்கப் பின்னாலேயே ஓடினாள்.

டோனா முதுகைக் காட்டியபடி கார்க் கண்ணாடியில் கெட்டியாகப் படிந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பேச்சுக் குரல் கேட்டு இங்க்ரிட் தயங்கி நின்றாள்.

“எல்லாருக்கும் முன்னாடி வந்துட்டு, இந்தக் குளிர்ல கார்லயே உக்காந்து காலெல்லாம் மரத்துப் போச்சுடி. அதுக்கு மேல திட்டு வேற. நாளைக்காவது நேரத்துக்கு உள்ளே வரட்டுமா?”

“வேணாம்மா, ப்ளீஸ்!” ஜூனியின் குரல் கெஞ்சியது. “என்னை விட்டா அவளுக்குப் பேச யாருமே இல்லம்மா.”