சம்பளம் இல்லாத மிஸ்

வெள்ளிக்கிழமை காலையில் பேச்சுப் பயிற்சி மையத்தின் இயக்குநர் ஜெனோவாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "உன் இன்டர்ன்ஷிப் இன்னையோட முடியுது. இன்னும் ஆறு மாசம் இரேன்மா. பிள்ளைங்க உன்கிட்ட நல்லா ஒட்டிக்கிட்டாங்க." இந்த முறையாவது சம்பளம் உண்டா என்று கேட்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள். "அனுபவம் கிடைக்குதேம்மா, அத விடவா?" என்று அவர் சிரித்தார். வீட்டில் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தார். திங்கட்கிழமை முதல் ஜவுளிக்கடைக்கு வேலைக்கு வருவதாக அவள் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

அடுத்த அறையில், நான்கு வயதாகியும் பேச்சு வராத நிவின் காத்திருந்தான். இத்தனை மாதமாக ஜெனோவா அவன் உள்ளங்கையைத் தன் தொண்டையில் வைத்து, அதிர்வு தெரியும்படி "ம்மா" என்று சொல்லிக்காட்டி வந்தாள். அன்று அவன் அந்தக் கையை எடுத்துத் தன் தொண்டையிலேயே வைத்துக்கொண்டு, "ம்மா" என்றான்.

வாசலில் நின்ற அவன் அம்மா ஓடிவந்து ஜெனோவாவைக் கட்டிக்கொண்டாள். "திங்கக்கிழமை 'ப்பா' சொல்ல வச்சிருவீங்கல்ல மிஸ்? வேற யார்கிட்டயும் இவன் உக்கார மாட்டான்."

"வச்சிரலாம்க்கா" என்றாள் ஜெனோவா. கண்ணீர் நிற்கவில்லை. மிஸ்ஸுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்து, அந்த அம்மா தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.