பச்சைத் தொட்டி

"போர்டைத்தானே மாத்தச் சொன்னேன்? அந்த ஆபீசரம்மா தொட்டிக்குள்ள இருக்கிறதையே பாட்டில்ல பிடிச்சுட்டுப் போகும்னு யாருய்யா கண்டா?"

முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எதிரில் நின்ற ஃபோர்மன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஒரே பார்வையில் அவரை அடக்கிவிட்டார் முதலாளி.

அது அலுமினிய உதிரிப் பாகங்களுக்குப் படலம் ஏற்றும் பட்டறை. பாகத்தை ஆசிட் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சினால் மேலே தோல் மாதிரி ஒன்று படியும். பிறகு அது லேசில் தேயாது, அரிபடாது. இருபது வருடமாகத் தொட்டியில் குரோமிக் ஆசிட்தான். அந்தப் புகை ஆளின் நுரையீரலையும் அரித்துவிடும் என்பது முதலாளிக்கு நன்றாகத் தெரியும். அதனால் அவர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

விமானப் பாக ஆர்டர் வந்ததில்தான் வினை ஆரம்பித்தது. விஷ ஆசிட் எதுவும் இல்லை என்று பசுமைச் சான்றிதழ் இருந்தால் ஆர்டர். இல்லையென்றால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். முதலாளி மூளையைக் கசக்கினார். திராட்சையிலும் புளியிலும் இருக்கும் டார்ட்டாரிக் ஆசிட்டை மூட்டை மூட்டையாக வாங்கி, வருகிறவர் கண்ணில் படும்படி அடுக்கினார். தொட்டிக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்து, 'டார்ட்டாரிக்' என்று போர்டு மாட்டச் சொன்னார். உள்ளே இருப்பதில் கை வைத்தால் வேலை போய்விடும் என்று ஃபோர்மனை மிரட்டியும் வைத்தார். பிறகு தொழிலாளிகளைக் கூட்டி, உங்கள் ஆரோக்கியமே என் உயிர் என்று அரை மணி நேரம் உருகினார். பேசி முடித்தபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

சான்றிதழுக்காக இன்று சோதிக்க வந்த பெண் அதிகாரி மூட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே தொட்டிக்குப் போனார். முதலாளி வழக்கம்போல் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலோடு நின்றுவிட்டார். அதிகாரி பாட்டிலை நிரப்பிக்கொண்டு, வெளியே நின்ற சோதனை வேனுக்குள் ஏறிக்கொண்டார். அரை மணியில் முடிவு வந்துவிடும்.

"மொதலாளி, ஒரு விஷயம்..." ஃபோர்மன் மறுபடி இழுத்தார்.

"உன் விஷயம் கெடக்கட்டும்."

முதலாளி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அதிகாரியிடம் பொய்த் தகவல் கொடுத்துப் பிடிபட்டால் சான்றிதழுக்கு மூன்று வருடத் தடை. தானாக முன்வந்து தவறை ஒப்புக்கொண்டால் திருத்திக்கொள்ள மூன்று மாத அவகாசம். வேறு வழி இல்லாததால், வாழ்க்கையில் முதன்முறையாக உண்மை பேசுவது என்று முடிவு செய்தார்.

லெட்டர்பேடை இழுத்தார். தொட்டியில் இருப்பது சாட்சாத் குரோமிக் ஆசிட், போர்டில் இருப்பது பச்சைப் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார். மனசு லேசாகிவிட்டது. நேர்மையில் இவ்வளவு சுகம் இருக்கிறதா, இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று அவருக்கே ஆச்சரியம்.

அதிகாரி ஃபைலோடு உள்ளே வந்தார். அவர் உட்காருவதற்குள் முதலாளி கடிதத்தை நீட்டினார்.

"மனசாட்சி உறுத்துது மேடம். முடிவு வர்றதுக்கு முன்னாடி நானே ஒப்புக்கிறேன்."

அதிகாரி ஒருமுறைக்கு இருமுறை படித்தார். "நல்லா யோசிச்சுத்தான் எழுதினீங்களா?"

"சத்தியமா மேடம். இதுல ஒரு எழுத்துகூடப் பொய் இல்ல."

ஃபோர்மன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

அதிகாரி ஃபைலைத் திறந்து, கையெழுத்தெல்லாம் போட்டுத் தயாராக இருந்த பசுமைச் சான்றிதழை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"தொட்டியில இருக்கிறது டார்ட்டாரிக் கலவைதான், ஆளுங்க இருமுறதைப் பார்க்கச் சகிக்காம உங்க ஃபோர்மனே போன மாசம் மாத்திட்டாராம். இன்னைக்கு இங்க நான் பிடிச்ச ஒரே பொய், நீங்க சத்தியம் பண்ணிக் கொடுத்த இந்தக் கடிதம்தான்."