அரிசிக் கடைக்காரர் மகள்

ஒரு கால் வெளியே வந்துவிட்டது. இன்னொன்றைக் காணோம்.

மஞ்சு என்ற அந்தப் பசு காலையிலிருந்து முக்கிக்கொண்டிருந்தாள். இப்போது மணி பன்னிரண்டு. கன்றின் மூக்கு தெரிந்தது. நாக்கு நீலம் பாரித்திருந்தது.

“டாக்டர் ஃபெடரல் ஹைவே ஜாம்ல மாட்டிக்கிட்டாரு லா. இன்னும் ஒரு மணி நேரம் ஆவுமாம்” என்றார் இராஜம்மா அக்கா. கைவிடப்பட்ட மாடுகளுக்காக மலேசியாவின் கிள்ளானில் இந்தக் கொட்டகையை நடத்துகிறவர் அவர்தான்.

ஒரு மணி நேரம் மஞ்சு தாங்குவாள். கன்று தாங்காது.

முப்பது வருடம் மாடு வளர்த்த ஜெயராஜ் அங்கிள் சட்டையைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தார். அக்கா அவரைக் கையால் தடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஹுமைரா, நீ வா.”

நானா? மேலப்பாளையத்திலிருந்து தொண்டு செய்கிறேன் பேர்வழி என்று விமானம் ஏறி வந்து இருபது நாள்தான் ஆகிறது. சாணி அள்ளுவதும் தண்ணீர் காட்டுவதும்தான் என் வேலை. வாப்பாவுக்கு என்ன தொழில் என்று அக்கா கேட்டபோது, அரிசிக் கடை என்று சொல்லியிருந்தேன்.

என் கை சின்னது, அதனால்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தோள்வரை சமையல் எண்ணெயைத் தடவினேன். மாடு கன்று போட்டு நான் பார்த்ததே இல்லை. ஆனால் உள்ளே போன கை தடுமாறவில்லை. கழுத்து, அதற்குக் கீழே தோள், தோளிலிருந்து கால். முட்டி மடங்கிப் பின்னால் கிடந்தது.

மஞ்சு முக்கியபோது என் எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது.

“விட்ருமா, டாக்டர் வரட்டும்” என்றார் ஜெயராஜ் அங்கிள்.

விடுவதற்கா இவ்வளவு தூரம் வந்தேன்?

முக்கல் அடங்கிய நேரம் பார்த்துக் கன்றை உள்ளே தள்ளினேன். குளம்பை உள்ளங்கையில் பொத்தி முன்னால் இழுத்தேன். மூன்று தடவை நழுவியது. நான்காவது தடவை வந்தது.

இரண்டு கால்களிலும் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். மஞ்சு முக்க முக்க மூவரும் சேர்ந்து இழுத்தோம். கன்று வழுக்கிக்கொண்டு வந்து சாக்கில் விழுந்தது.

மூச்சு இல்லை.

மூக்கில் புல்லை விட்டு ஆட்டினேன். விலாவை அழுத்தித் தேய்த்தேன். “மூச்சு விடு, சனியனே!” என்று கத்தினேன்.

தும்மியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மஞ்சு திரும்பிக் கன்றை நக்க ஆரம்பித்தாள். அக்கா குனிந்து, கன்றின் காலில் இருந்த கயிற்றின் ஒரு நுனியை மட்டும் பிடித்து இழுத்தார். முடிச்சு அப்படியே கழன்று வந்தது.

எந்த நுனியை இழுக்க வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லவில்லை.

“வந்த அன்னிக்கே மாட்ட இப்படித்தான் கட்டுன. எங்க ஊரு பண்டமாரான்ல, ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மாடு அறுக்கிறவங்க போடுற முடிச்சு லா இது. அரிசிக் கடையில எதுக்கும்மா?”

வாப்பாவின் கறிக்கடை முடிச்சு என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது. இன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

“அக்கா, நான் வந்து…”

“அதான் உன்னயக் கூப்பிட்டேன். உள்ள எது எங்க இருக்குன்னு உனக்குத்தானே தெரியும்.”

கயிற்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

“வாப்பாவுக்கு போன் போடு. கன்னு பொழச்சிருச்சுன்னு சொல்லு.”