சுவரில் இருந்த இத்தாலிக்காரர்

"இன்னிக்கு ஒரு நாளாவது அந்த இத்தாலிக்காரனைச் சுவத்துலேர்ந்து இறக்குங்களேன்! பொண்ணு பார்க்க வர்றவங்க அக்கரையில பிறையிலேர்ந்து கிளம்பி ஃபெர்ரி ஏறிட்டாங்களாம்."

"பெர்த்தோனி இறங்கினா நானும் வீட்டை விட்டு இறங்கிடுவேன், யோகம்மா," என்றார் விஸ்வலிங்கம்.

யோகம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சூலியா தெருப் பழைய சாமான் கடையில் கட்டுக்கட்டாய்க் கிடந்த அச்சுப் படங்களில் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார் மனுஷன். அந்தக் காலத்து சைக்கிள் பந்தய வீரனாம். முறுக்கு மீசையும் முறைப்பும்! போன தடவை வந்தவர்களிடம் இரண்டு மணி நேரம் அவன் வரலாற்றைச் சொன்னதில், பெண்ணின் அப்பாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்கள். மகள் அருந்ததிக்கு இருபத்தொன்பது முடியப் போகிறது. இந்தப் பையனை அவளுக்கும் பிடித்திருக்கிறது. இதுவும் கைநழுவிப் போனால்?

விறுவிறுவென்று படத்தின் கண்ணாடியில் விபூதியைப் பூசினாள். பந்தயச் சட்டை தெரியாதபடி மல்லிகை மாலையைப் போட்டாள். "கேட்டா உங்க தாத்தான்னு சொல்லுங்க. இத்தாலின்னு வாயைத் திறந்தீங்க, அவ்வளவுதான் லா!"

மாப்பிள்ளையின் அம்மா கனகேஸ்வரி உள்ளே வந்ததும் படத்தைத்தான் பார்த்தாள். மகனோடு பின்னால் வந்த அவள் கணவர் பரமநாதன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"யாருங்க இவரு?" என்றாள் கனகேஸ்வரி.

"இவரோட தாத்தா. அப்பாவைப் பெத்தவரு," என்றாள் யோகம்மா.

"சைக்கிள் பந்தயத்துல புலி!" விஸ்வலிங்கத்துக்கு வாய் சும்மா இருக்குமா? "ரயிலுக்குக் காசில்லாம, பந்தயம் நடக்கிற ஊருக்கே சைக்கிள் மிதிச்சுப் போனவரு. மலைமேல ஒருதரம் புயல்ல..."

"உங்க பூர்வீகம் யாழ்ப்பாணம்னு சொன்னாங்களே, அங்க ஏதுங்க மலை?" என்றாள் கனகேஸ்வரி.

"கண்டியில வேலையா இருந்தாரு," என்று யோகம்மா முந்திக்கொண்டாள்.

கனகேஸ்வரியின் முகம் மாறியது. "அந்தப் பந்தயத்துல மூணு பேருதானே கடைசிவரைக்கும் வந்தாங்க?"

விஸ்வலிங்கம் வாயைப் பிளந்தார். "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

கனகேஸ்வரி கண்கலங்கக் கைகூப்பினாள். "மன்னிச்சுக்குங்க. பொண்ணு தங்கம். ஆனா இந்தச் சம்பந்தம் ஆகாது. எங்க வீட்டு ஹால்லயும் இதே படம்தான். என் வீட்டுக்காரரோட தாத்தா, அப்பாவைப் பெத்தவருன்னு இவரு சொல்லி, கல்யாணமான நாள்லேர்ந்து முப்பது வருஷமா நான்தான் விளக்கேத்துறேன். அப்படின்னா பிள்ளையும் பொண்ணும் அண்ணன் தங்கச்சி முறைல்ல ஆகுது!"

யோகம்மா திகைத்துப்போய்ப் பரமநாதனைப் பார்த்தாள். அவர் மனைவி பக்கமே திரும்பாமல் விஸ்வலிங்கத்தின் அருகில் நகர்ந்து வந்து, தணிந்த குரலில் கேட்டார்: "அண்ணே, பெர்த்தோனி யாருன்னு நீங்க சொல்றீங்களா, இல்ல நானே சொல்லிடட்டுமா?"