கை தட்டாத ஊர்

"அந்தம்மா அங்கிருந்து நகரணும். இல்லீன்னா நான் வாசிக்க மாட்டேனுங்க!"

கீபோர்டை விட்டு எழுந்தே விட்டான் கிருபாசங்கர்.

அந்தம்மா என்றது பூவாத்தாளை. டிரம்ஸ் வாசிக்கும் கந்தப்பனின் மனைவி. காலை பத்து மணியிலிருந்து மேடைக்கு நேர் கீழே நின்று புருஷனைப் பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். விரலை நீட்டுகிறாள், மடக்குகிறாள், வெட்டிப் போடுகிற மாதிரி உள்ளங்கையை இறக்குகிறாள். அவரும் அவளை விட்டுக் கண்ணை எடுக்காமல் சமர்த்தாக வாசிக்கிறார்.

"ஊருக்கு முன்னால புருசனை இப்படியா மெரட்டுவாங்க? பாக்கற எனக்கே பயமா இருக்குது."

அரங்கசாமி சிரித்தான். 'நாடா மெல்லிசைக் குழு'வுக்குத் தலைவர், பாடகர், மைக் கட்டுபவர் எல்லாம் அவன்தான். குழுவில் அத்தனை பேரும் கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள். தறியில் ஓடும் நாடாவையே பெயராக வைத்துக்கொண்டார்கள். கீபோர்டுக்காரருக்கு அம்மை போட்டுவிட்டதால், கோயமுத்தூரில் வங்கி குமாஸ்தாவாக இருந்த கிருபாசங்கரை முந்தின நாள்தான் பிடித்து வந்திருந்தான். ஒத்திகைகூட இல்லை.

"உட்டுப்போடுங்க சார். அம்மணி பாட்டுக்கு நிக்கட்டும். இன்னைக்கு சொதப்புனா அடுத்த வருசம் வெளியூர் பார்ட்டிதான்னு விழாக் கமிட்டியில சொல்லிப்போட்டாங்க."

தொண்ணூற்று நான்காம் வருஷத்து ஆயுத பூஜை. தறிகள் ஓய்ந்த நாள். திறந்த மைதானத்தில் பத்து மணியிலிருந்து ஆறு மணி வரை, எட்டு மணி நேரக் கச்சேரி. ஊரே வந்திருந்தது.

கிருபாசங்கருக்கு மனசு ஆறவில்லை. அரங்கசாமி மைக்கைச் சரிசெய்யப் போன நேரம், தானே கீழே இறங்கினான்.

"ஏனுங்க்கா, கொஞ்ச நேரம் அந்தப் பந்தல்ல போயி உக்காருங்க. அவரு நிம்மதியா வாசிக்கட்டும்."

அவள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம், "செரிங்க சார்" என்று போய்விட்டாள்.

அடுத்த பாட்டு. பல்லவி ஒப்பேறியது. சரணத்தில் பாட்டு அவினாசிக்குப் போனால் டிரம்ஸ் பல்லடத்துக்குப் போனது. கமிட்டிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அரங்கசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது.

பந்தலிலிருந்து பூவாத்தாள் ஓடி வந்தாள், தூக்கிய கையோடு. நாலே தட்டில் டிரம்ஸ் வழிக்கு வந்தது.

"பாத்தீங்களா? பொண்டாட்டி மெரட்டுனாத்தான் வாசிப்பாரு போல இருக்குது!"

"அப்படியே வெச்சுக்குங்க சார்" என்றான் அரங்கசாமி.

மதியம் மூன்று மணிக்குக் கீபோர்டு தோசைக்கல்லாகக் காய்ந்தது. கிருபாசங்கர் ரெண்டு தடவை எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். கந்தப்பன் எழவே இல்லை. பூவாத்தாளும் உட்காரவில்லை. ஒரு கையால் எலுமிச்சைச் சாதத்தைத் தின்றுகொண்டே மறு கையால் மிரட்டினாள். சும்மா சொல்லக் கூடாது, அதற்கப்புறம் ஒரு தாளம் பிசகவில்லை. எப்பேர்ப்பட்ட கைகாரர்! ஆனால் என்ன பாராட்டினாலும் அந்த மனுஷனிடமிருந்து ஒரு சிரிப்புதான் பதில். பயந்த சுபாவம் என்று முடிவு கட்டினான் கிருபாசங்கர்.

பாட்டுக்குப் பாட்டு விசில் பறந்தது. அரங்கசாமியின் சேராத சுருதிக்குக்கூடக் கை தட்டினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தரை மணிக்கு மற்ற எல்லாரும் வாத்தியங்களைக் கீழே வைத்தார்கள். கடைசி அயிட்டம். கந்தப்பன் மட்டும்.

முதல் தடவையாக அவர் மனைவியைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். பத்து நிமிஷம். நூறு தறி ஒன்றாக ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. கிருபாசங்கருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இந்த மனுஷனோடு ஒரே மேடையில் உட்கார்ந்திருக்கிறோம் என்று பெருமையாக இருந்தது.

வாசித்து முடித்து, கண்ணைத் திறந்தார் கந்தப்பன்.

ஒரு கைதட்டல் இல்லை.

கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது. இடது உள்ளங்கையை வலது கையால் ஒரு தடவு தடவி, வலது கையை உயரத் தூக்கிக் காட்டியது. அவ்வளவுதான். போதும், ஊட்டுக்குப் போங்க என்கிறார்களோ?

கிருபாசங்கருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க, சுருதி சேராம நீங்க பாடுனதுக்கெல்லாம் விசில் அடிச்சாங்க. இந்த மனுசன் உசுரக் குடுத்து வாசிச்சிருக்கறாரு. கை தட்ட ஒருத்தருக்குக்கூடவா தோணல? என்ன ஊருங்க இது?"

அரங்கசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டான். மேடை நடுவே கந்தப்பன் அழுதுகொண்டே அதே மாதிரி உள்ளங்கையைத் தடவித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். கீழே பூவாத்தாள் மோவாயை நிமிர்த்தி ஊரைத் திரும்பிப் பார்த்தாள்.

"தறிக் குடோன்ல சத்தத்துக்குப் பேச்சு எடுபடாதுங்க சார். நாங்க எல்லாமே கையிலதான் பேசிக்குவோம். துணி ஒரு பழுதில்லாம வந்திருக்குதுன்னா மேஸ்திரி இப்படித்தான் காட்டுவாரு. எங்களுக்கு அதுக்கு மேல ஒரு பாராட்டு கெடையாதுங்க."

"இருக்கட்டுமுங்க. கூடவே கையும் தட்டுனா என்ன கொறஞ்சா போயிரும்?"

அரங்கசாமி பூவாத்தாளின் கைகளைப் பார்த்தான். காலையிலிருந்து ஓயாத கைகள்.

"இருவத்தஞ்சு வருசம் தறிக்கு நடுவுல நின்னே தேஞ்சுபோன காதுங்க சார். நாங்க கை தட்டுனா, கந்தப்பண்ணனுக்கு அது எப்படிங்க கேக்கும்?"