முகத்தைப் பார்த்தாலே தெரியும்

"அந்தப் படத்தை இப்பவே கழட்டு! இல்ல, நாளைக்கு இந்தக் கடை திறக்காது!"

முடிவெட்டும் கடைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக போலீஸ் தலைவர் ப்ரூயிட் கத்தினார். அமெரிக்காவில், அலபாமாவின் அந்தச் சின்ன ஊரில் கறுப்பர்கள் வரும் அந்தக் கடைப் பக்கம் அவரைப் போன்ற வெள்ளைக்காரர்கள் யாரும் வருவதில்லை. பாதி மழித்த தலைகளெல்லாம் திரும்பிப் பார்த்தன.

கடைக்காரர் ஹைரம் கத்தரியைக் கீழே வைத்தார். "கழட்டிடும்மா டெல்ஃபின். நான் புள்ளகுட்டிக்காரன்."

படத்தை வரைந்த டெல்ஃபின் அசையவில்லை. படத்தில் ஒரு கறுப்பர், கார் மேல் இரண்டு கையையும் ஊன்றியபடி திரும்பிப் பார்க்கிறார். பின்னால் ஒரு போலீஸ்காரர். போலீஸ்காரர்கள் அவள் தம்பியை இப்படி நிறுத்தி வைக்காத தெரு ஊரில் பாக்கியில்லை. அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

"போன வருஷம் நகரசபையில மாட்ட என்னை வரைஞ்சப்ப நல்ல பொண்ணாத்தானே இருந்த? 'என்னா சாந்தமான முகம்'னு என் பொண்டாட்டி இன்னும் சொல்றா. இப்ப எங்களையே அசிங்கப்படுத்துறியே!"

"எங்க ஆளுங்களை மட்டும் ஏன் சார் நிறுத்துறீங்க?"

"யார் சொன்னா? நாங்க தோலைப் பார்க்கிறதே இல்ல. முகத்தைத்தான் பார்ப்போம். முப்பது வருஷ சர்வீஸ்! பார்த்தாலே தெரிஞ்சிடும்."

"என் முகத்தைக்கூட ரெண்டு தடவை பார்த்தாங்க. பின்பக்கமா வந்து!" என்றது சோப்பு நுரைக்குள்ளிருந்து ஒரு குரல்.

கடையே சிரித்தது. ப்ரூயிட்டின் காது மடல் சிவந்தது.

டெல்ஃபின் பவ்யமாகக் கேட்டாள். "அப்ப இந்தப் படத்துல இருக்கிறவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க சார். இவரை நிறுத்துவீங்களா?"

ப்ரூயிட் கிட்டப் போய்ப் பார்த்தார். "பின்னே? கண்ணுலயே திருட்டுக் களை சொட்டுது! தாடையில தழும்பு வேற. சந்தேகமே இல்ல, கத்திக்குத்துதான். இவனையெல்லாம் வெளியில விட்டு வச்சதே தப்பு!"

டெல்ஃபின் ஹைரமிடமிருந்து கைக்கண்ணாடியை வாங்கி, படத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

"நல்லாப் பாருங்க சார், உங்க முகம்தான். போன வருஷம் வரைஞ்சதை அப்படியே வச்சுக்கிட்டு, தோலுக்கும் முடிக்கும் மட்டும் நிறத்தை மாத்தினேன்."

ப்ரூயிட்டின் கை தானாகவே தாடையைத் தடவியது.

"சின்ன வயசுல சைக்கிள்ல இருந்து விழுந்த தழும்புன்னு நீங்கதானே சொன்னீங்க? அது எப்ப சார் கத்திக்குத்தா மாறிச்சு?"